சாமியா நாற்று நட்டது

...சொல்லியிருக்கக் கூடாது, அந்த வார்த்தையை மட்டும் சொல்லியிருக்கவே கூடாது, என்று மங்கையர்க்கரசி உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கரண்டியும் கையுமாக நின்றாள். காலையில் நாத்தனார் திரிபுரசுந்தரி புது மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் மாரியம்மா குடுத்தது மங்கை" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டபோது சும்மா தலையாட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? "மாரியம்மாவா அண்ணி வந்து நாத்து நட்டுச்சு? நாங்க ஒடம்பு தேய ஒழைச்சது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்... வாய்க்காலில் தண்ணீர் வராமல் பயிர் கருகிய வருஷம் கோயில் வாசலில் ஈரப் புடவையோடு விழுந்து கிடந்தவளும் இவள்தானே, அப்போதெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை, பிறகு பம்புசெட்டு வந்தது, போட்டதெல்லாம் விளைந்தது, மகன் சிவசுப்பிரமணியனுக்குக் காரைக்காலில் சர்க்கார் உத்தியோகம், பொங்கலுக்குப் புதுச் சிவப்பு மோட்டார்சைக்கிள், விளக்கேற்றிய வெள்ளிக்கிழமைகள் மட்டும் எங்கே போயின?

கொல்லைப்பக்கம் காசியம்மா வந்து நின்றாள், வயல் வேலைக்கு வருகிறவள், டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஓடிவந்திருந்தாள். "அம்மா, தம்பி வந்துடுச்சுங்களா? தம்பி வர்ற ரோட்டுலதான், கோட்டுச்சேரிகிட்ட லாரி அடிச்சுக் கெடக்குங்க, செவப்பு மோட்டார்சைக்கிளு, ஓட்டுன புள்ள அங்கேயே போயிடுச்சாம்." சிவப்பு. சிவப்பு வண்டி ஊரில் ஒன்றுதானா, ஆயிரம் இருக்கும், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இந்நேரம் வந்திருக்க வேண்டுமே... வாசலுக்கு ஓடினாள், ரோடு வெறிச்சென்று கிடந்தது, தாயே, மாடியை எடுத்துக்கொள், பம்புசெட்டை எடுத்துக்கொள், கீற்றுக் கொட்டகையில் கஞ்சி குடிக்கிறேன், இந்த நாக்கை வேண்டுமானால் இழுத்துக்கொள், அவனை விட்டுவிடு.

வண்டிச் சத்தம் கேட்டது. அவன்தான், அவனேதான், சட்டையெல்லாம் புழுதி. தோளைத் தொட்டாள், முகத்தைத் தடவினாள், இறங்கக்கூட விடவில்லை. "என்னம்மா ஆச்சு? சோறு அடிப்புடிக்கிற வாடை வருது பாரு." பிறகு அவனே தணிந்த குரலில் சொன்னான், "வழியில ஒரு பையன் அடிபட்டுப் போயிட்டான்மா, மண்டபத்தூராம். அவங்கம்மாவுக்கு இன்னும் சேதி போவல."

சாமி மாடத்தில் விளக்கேற்றிக் கைகூப்பினாள். காப்பாத்துனியே தாயே... என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த மண்டபத்தூர்க்காரி இந்நேரம் மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ? ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாதவளாக, வாயைத் திறந்து ஒரு வார்த்தை அதிகம் பேசாதவளாக இருந்தால்? அப்படியானால் எதற்காக அவளுக்கு, எதற்காக எனக்கு... நன்றி என்று சொன்னால், என் வீட்டை விட்டு அவள் வீட்டுக்குப் போனாயே என்று சொன்னதாக ஆகிவிடாதா, சொல்லாமல் இருந்தால் மட்டும்... கூடத்தில் மகன் தட்டைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டான். சேர்த்த கைகளைப் பிரிக்கப் பயமாக இருந்தது.