பிடுங்கிய டை

வந்திருந்தவர்கள்: தலைவர் வீரமுத்து, தமிழ்மொழி, வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து வந்த சடையன், சங்கராபுரம் பிரவீன்குமார், கடைசியாக வந்து கதவோரம் உட்கார்ந்த இளஞ்செழியன். எல்லோரும் கள்ளக்குறிச்சியைச் சுற்றி ஷெட்டு போட்டு, கார் கம்பெனிக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுப்பவர்கள். சங்கம் என்றால் இவர்கள்தான்.

தகட்டை வெட்டும் டை, அதாவது இரும்பு அச்சு, கம்பெனியின் சொத்து. ஒருவர் முரண்டு பிடித்தால், கம்பெனி டையைத் தூக்கி அடுத்தவர் ஷெட்டில் இறக்கிவிடும். குறைத்த விலைக்கு அடிக்க மாட்டேன் என்ற தமிழ்மொழியின் டையை நேற்று லாரி ஏற்றிக்கொண்டு போனது. இன்று காலை அது இளஞ்செழியன் ஷெட்டில் இறங்கியது. அறையில் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

"இன்னாண்ணே, காலை ஆட்டிக்கினே இருக்கீங்க? பெஞ்சு ஓடிடப் போவுது," என்று இளஞ்செழியனைக் கிண்டினான் பிரவீன்குமார்.

"மூத்திரம் முட்டுது. நீ அங்க பாரு."

வீரமுத்து மேசையைத் தட்டினார். "தமிழ்மொழி டையை நம்மள்ல யாரும் தொடக் கூடாது. சரக்கு நின்னா கம்பெனி சங்கத்தோட பேச வந்துதான் ஆவணும். சாவிய வைங்க."

இந்தச் சங்கத்தில் கை தூக்குவதில்லை. ஷெட்டுச் சாவியை மேசைமேல் வைத்தால், அது வாக்கு. சடையன் வைத்தார். பிரவீன்குமார் வைத்தான்.

வைத்துவிடலாம் என்று நினைத்தான் இளஞ்செழியன். தகடு அடிக்கும் பிரஸ் சத்தம் எல்லா ஷெட்டிலும் ஒன்றுதான், யாருக்குத் தெரியப்போகிறது?

"இளஞ்செழியன் வைக்கலன்னாலும் நான் நம்பறேன்," தமிழ்மொழி சிரித்தாள். "அவன் ஷெட்டுல பால் காய்ச்சினதே நான்தான்."

"உங்க டை என்கிட்டதான் இருக்குதுக்கா."



"எறக்கலன்னா என் டையையும் தூக்கிடுவேன்னான் கம்பெனிக்காரன்."

"திருப்பி அனுப்பு," என்றார் வீரமுத்து.

"அனுப்பினா என் ஷெட்டு காலி."

"சங்கம் இருக்குதுல்ல?"

"உங்க டையைக் காப்பாத்தாத சங்கம் என்னோடத காப்பாத்துமா?"

தமிழ்மொழி சத்தம் போடவில்லை. "நீ வாங்காம இருந்திருந்தா காப்பாத்தியிருக்கும்டா."

"இப்பவே போன் போடு," என்றார் வீரமுத்து. "வந்து எடுத்துக்கினு போன்னு சொல்லு."

இளஞ்செழியன் போனை எடுத்தான். கம்பெனிக்காரனின் பெயர் வரைக்கும் விரல் போனது. இந்நேரம் அந்த டையில் கார் கம்பெனிக்கான முதல் தகட்டுக் கிளிப் விழுந்திருக்கும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அப்ப வெளிய போ. எங்களுக்குப் பேச வேண்டியது இருக்குது," என்றார் தலைவர்.

பிரவீன்குமார் எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்தான். இந்த முறை கிண்டல் இல்லை. இளஞ்செழியன் வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள், பின்னால் கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டினார்கள்.