தாபு இழுத்த கயிறு

மிரிஷோவின் இடது பாதம் மரத்துப்போன விஷயம் அவன் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. ஏரிக்கரை மணலில் டகா மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் என் அடுப்புப் பக்கமாக வந்தான், வெளியே தெறித்துக் கிடந்த கங்கின்மேல் வெறுங்காலை வைத்தான், வைத்தபடியே நின்றான்.

"என்னக்கா, இந்தத் தடவை மீன் பொடியா இருக்கு?"

தோல் பொசுங்குகிற வாசனை எனக்கு வந்தது. "மிரிஷோ, காலு" என்றேன். குனிந்து பார்த்தான். காலை எடுத்தான். "அட" என்றான். பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்துச் சொல்வது போல.

அன்று மாலைக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் இரண்டு பேரிடம்தான் சொன்னேன்.

எங்கள் கரையில் முங்குகிற ஆண்கள் பலர் உண்டு. கிகோமா டவுனிலிருந்து நெஸ்தோரி முதலாளி காற்று மெஷினைப் படகில் ஏற்றிக்கொண்டு வருவார். இளவட்டப் பிள்ளைகள் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கி, பாறை இடுக்குகளில் வலை விரித்து, கலர் மீன் பிடிப்பார்கள். எங்கோ குளிர் தேசத்தில் இருக்கிறவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, விளக்குப் போட்டு, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்களாம். நாங்களும் முதலில் நம்பவில்லை.

அந்த மீன்களில் ஒன்றுக்கு மஞ்சள் உதடன் என்று பெயர். மற்ற உடம்பெல்லாம் கரி. தங்கனிக்கா ஏரி இவ்வளவு நீளமாகக் கிடக்கிறதே, அதில் ஒரே ஒரு பாறைச் சரிவில்தான் அது இருக்கிறது. அதுவும் வெளிச்சம் தீர்ந்துபோகிற ஆழத்தில். அந்தச் சரிவு எங்கே என்று தெரிந்தவன் மிரிஷோ ஒருவன்தான். படகில் போகும்போதுகூட வேறு பிள்ளைகளைத் தலை குனிந்து உட்காரச் சொல்வான், கரையில் எந்த மரத்தை எந்தப் பாறையோடு சேர்த்துப் பார்க்கிறான் என்று தெரியக்கூடாது என்பதற்காக. அந்த இடம்தான் அவன் சொத்து. நெஸ்தோரி மற்ற எல்லோரையும் பெயர் மறந்து "டேய்" என்பார். இவனை மட்டும் "மிரிஷோ தம்பி" என்பார்.

ஆழத்து மீனை ஒரே இழுப்பாக மேலே கொண்டுவர முடியாது. உள்ளே இருக்கிற காற்றுப் பை ஊதி, வயிறு பந்தாகி, கண் பிதுங்கிச் செத்துப்போகும். அதனால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்து, கயிறு கட்டி, ஆழத்திலேயே தொங்கவிடுவார்கள். மேலே மிதவையாக ஒரு மஞ்சள் கேன். காலையில் கொஞ்சம் ஏற்றுவார்கள், சாயங்காலம் கொஞ்சம். நாள்கணக்கில் நடக்கும். முடிச்சுப் போட்ட கைதான் கயிற்றை ஏற்ற வேண்டும், அடுத்தவன் கை படக்கூடாது. அடுத்தவன் பெண்டாட்டியின் கையைப் பிடித்தவன்கூட எங்கள் ஊரில் குடியிருக்கிறான். டிரம் கயிற்றைத் தொட்ட ஒருவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

மீனுக்கு இத்தனை உபசாரம். அதைப் பிடித்த ஆள் மட்டும் குளிர் தாங்காமல் ஒரே உதையில் மேலே வந்து, நேராக உகாலிக் களிச் சட்டியில் கை வைப்பான். பிறகு முட்டி வலிக்கிறது, தோள் அரிக்கிறது, கால் மரக்கிறது என்பான். ஏரி பிடித்துவிட்டது என்று தைலம் தேய்ப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு பேர் இப்படித்தான் கால் விழுந்து உட்கார்ந்துபோனார்கள். இப்போது நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். நன்றாகத்தான் பின்னுகிறார்கள்.

அந்த வாரம் மிரிஷோ ஒரு பெண் மீனைப் பிடித்து டிரம்மில் தொங்கவிட்டிருந்தான். வாங்குகிறவருக்கு ஜோடி வேண்டுமாம். வெள்ளிக்கிழமை விமானத்துக்குள் ஆண் மீனும் வந்துசேர வேண்டும் என்று நெஸ்தோரி சொல்லியனுப்பியிருந்தார். நெருப்புக் கங்கை மிதித்த கால் அதற்குள் முட்டிவரை மரத்திருந்தது.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் நாணல் தட்டி ஒன்றுதான். காது இருக்கிறவள் என்ன செய்வாள்?

"போகாத" என்றாள் அவன் பெண்டாட்டி தாபு. இந்த இறக்கம் இன்னொரு காலையும் சேர்த்துக் கேட்கும் என்பது அவளுக்கு நிச்சயம்.

"ஒத்தை மீனை வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"என்னமோ பண்ணட்டும். உன் காலு?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்ல."

"அதுவும் போனா?"

"நீ தூக்கிட்டுத் திரி. உடம்பு இருக்குல்ல உனக்கு."

"யாருக்காவது இடத்தைச் சொல்லிக் குடுத்துட்டு நீ படகுல உக்காரேன்."

"இடத்தைச் சொன்னப்புறம் படகுல நான் எதுக்குடி? நங்கூரத்துக்குப் பதிலா கட்டிப் போடவா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். நான் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன், அழவே இல்லை.

மறுநாள் வெயில் ஏறியபின், கரையில் எல்லோரும் டகாவைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, தாபு சின்னத் தோணியைத் தள்ளிக்கொண்டு போனாள். துணி அலசப் போகிறாள் என்று நினைத்தேன். துணியைக் காணோம். மஞ்சள் கேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். குனிந்தாள். கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள்.

"ஏய்! ஏய், தாபு!" என்று எனக்குப் பக்கத்தில் மீன் புரட்டிக்கொண்டிருந்த மைமுனா கத்தினாள். "கயித்தைத் தொடுறாடி!"

கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவள் மாதிரி கைக்குமேல் கை போட்டு இழுத்தாள். அவசரமும் இல்லை, நிறுத்தவும் இல்லை. டிரம் மேலே வந்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு டிரம்மோடு கரைக்கு வந்து, மணலில் கவிழ்த்தாள்.

உள்ளங்கை நீளம்கூட இல்லை அந்த மீன். வயிறு ஊதி, ஒரு கண் வெளியே வந்திருந்தது. மஞ்சள் உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. இதற்கா இத்தனை பாடு என்றுதான் எனக்குத் தோன்றியது. எண்ணெயில் போட்டால் ஒரு வாய்க்கு வராது.

மிரிஷோ நொண்டிக்கொண்டு வந்தான். ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். கை ஓங்குவான் என்று எதிர்பார்த்தோம். அவன் மீனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நீயா இழுத்த?"

"நான்தான்."

"ஏன்?"

"மீன் செத்துருச்சு. இனி ஜோடி எதுக்கு? நீ இறங்க வேண்டாம்."

இதை அவள் இரவெல்லாம் யோசித்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். கணக்கு சரிதான், நெஸ்தோரியை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டாள்.

அவர் மதியம் வந்தார். செத்த மீனைச் செருப்பு நுனியால் புரட்டிப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று கரையே காத்திருந்தது. அவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

"சரி. அப்போ ரெண்டு பிடிக்கணும். இன்னிக்கே இறங்குனாத்தான் வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்த முடியும். வா மிரிஷோ தம்பி."

தாபுவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டி.

மிரிஷோ எழுந்து படகுக்குப் போனான். வலது காலை உள்ளே வைத்தான். இடது கால் வரவில்லை. கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டான், மரவள்ளி மூட்டையைத் தூக்கிப் போடுவது போல. யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளில் ஒருவன் சிரிக்க வாயெடுத்தான், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அப்போதுதான் தாபு பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"முதலாளி, அவர் வேண்டாம். இடம் எனக்குத் தெரியும்."

மிரிஷோ படகிலிருந்து திரும்பினான். "வாயை மூடு, தாபு."

"இடிஞ்ச மிஷன் சுவர் இருக்குல்ல, அதுக்கு மேல எண்ணெய்ப் பனை ரெண்டு. அந்த ரெண்டும் ஒண்ணா மறையணும். இந்தப் பக்கம் பிளந்த பாறை, அதோட நடுவுல மலை உச்சி தெரியணும். அங்க நங்கூரம் போடுங்க. அதுக்கு நேர் கீழதான்."

கல்யாணமான புதிதில் அவளை மயக்க அவனிடம் வேறு என்ன இருந்தது? தோணியில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறான். வருஷக்கணக்கில் பிள்ளைகளைத் தலை குனிய வைத்து அவன் காப்பாற்றியதை அவள் ஒரு மூச்சில் கரைக்கே கொடுத்துவிட்டாள். என் பக்கத்தில் நின்ற மைமுனாவின் உதடுகூட அசைந்தது, பனை, பாறை என்று மனப்பாடம் செய்தாள். அவள் எங்கே முங்கப்போகிறாள், சும்மா ஒரு ஆசை.

நெஸ்தோரி மிரிஷோவைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "அவ்ளோ ஆழம் யார் போவீங்க?"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவன் சதாலா. தாபுவின் தம்பி. மீசை இப்போதுதான் நம்பிக்கை கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"நான் போறேன் முதலாளி."

"நீ வேணாம்" என்றாள் தாபு.

"ஏன் அக்கா?"

"நீ வேணாம்டா. வேற யாராச்சும் போகட்டும்."

"நீதானே இடம் சொன்ன? வேற யாருக்குச் சொன்ன, நம்ம ஆளுக்குத்தானே?" என்று சிரித்தான். "மச்சான், கோவிச்சுக்காத. குழாய் பிடி, போதும்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை, ஈரத்துணியை ஒதுக்குவது போல. மெஷின் புகை விட்டது. படகு போனது. மிரிஷோ குழாய்ச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். நெஸ்தோரி அவனிடம் ஏதோ சொன்னார். "டேய்" என்று ஆரம்பித்ததுதான் என் காதில் விழுந்தது.

தாபு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டகாவைப் புரட்டினாள். அவள் மீன் இல்லை, என் மீன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.

"மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"இந்த வரிசை இன்னும் காயலைக்கா" என்றாள்.

பொழுது சாயும்போது படகு வந்தது. ஜோடி கிடைத்துவிட்டதாம், டிரம்மில் தொங்குகிறதாம். சதாலா பற்கள் கிடுகிடுக்கக் கீழே என்ன பார்த்தான் என்று கரைக்கே சொல்லிக்கொண்டு வந்தான். பிள்ளைகள் அவன் தோளில் தட்டினார்கள். நெஸ்தோரி அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தாபு தம்பியை வீட்டுக்கு அழைத்தாள். நானும் கொஞ்சம் உப்பு கேட்கப் போனேன், தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. மச்சானும் மச்சினனும் ஒரே தட்டில் உகாலியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். மிரிஷோ மரத்த காலை நீட்டி வைத்திருந்தான். சதாலா தின்றபடியே இடது தோளைச் சொறிந்தான். தாபு அதைப் பார்த்தாள்.

"கீழ இருந்து அவனை எப்படி ஏத்துன?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"அவனாத்தான் வந்தான்."

"நிறுத்தி நிறுத்தியா?"

"குளிருச்சுன்னான். வந்துட்டான்."

"நாளைக்கும் போறியாடா?"

"போகாம? இன்னும் ஒரு ஜோடி கேக்குறாங்கக்கா. வேற ஊர்க்காரன் ஒருத்தன்." வாய் நிறைய உகாலி.

சாப்பிட்டு முடித்ததும் அவன் கை கழுவினான், தரையில் கையை ஊன்றினான். நானும் தாபுவும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்துவிட்டான். சோம்பல் முறித்துக்கொண்டு இருட்டில் நடந்து போனான், இரண்டு காலாலும். காலடிச் சத்தம் ஓய்ந்தபின் தாபு தட்டை எடுத்தாள்.

"உப்பு எவ்வளவு வேணும்?" என்று என்னைக் கேட்டாள்.