விறாந்தையில் நின்றவர்கள்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அந்த வெள்ளிக்கிழமை அது கொஞ்சம் அதிகமாகவே வந்தது. எங்கள் பஸார் நூலகத்தில் இருந்த ஒரேயொரு தமிழ் அலுமாரியை அன்று பின்னேரம் ஸ்டோருக்குக் கொண்டு போக வான் வரப்போகிறது. தமிழ்ப் புத்தகம் இரவல் எடுக்க நீண்ட காலமாக ஒருவரும் வரவில்லை, அந்த இடத்தில் கம்ப்யூட்டர் மேசை போடலாம் என்று முடிவாகிவிட்டது.

"எடுக்க ஆளில்லையே அபீபா, நான் என்ன செய்ய?" என்றார் ரணவீர சேர், சிங்களத்தில். அவர் எங்கள் நூலகர். நல்ல மனிதர்தான். அவருக்குக் கீழே வேலை செய்யும் எனக்கு மட்டும்தான் அங்கே தமிழ் வாசிக்கத் தெரியும். நான் மன்றாடிப் பார்த்தேன். 'தமிழ்ப் புத்தகங்கள் உண்டு' என்று கதவில் தமிழில் அறிவித்தல் எழுதி ஒட்டினேன். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

சுற்றிவர இறப்பர் தோட்டம். அங்கே இத்தனை தமிழ்ச் சனம். இறப்பர் பால் வெட்டி ஊற்றிவிட்டு பஸாருக்கு வருகிறார்கள். நூலக விறாந்தையில் நின்று ஜன்னலால் உள்ளே பார்க்கிறார்கள். யட்டியாந்தோட்டை பஸ் வந்ததும் போய்விடுகிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், மழைக்கு ஒதுங்குகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஓரடி உள்ளே வைத்தால் இவர்கள் குறைந்தா போய்விடுவார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வான் வந்தது. டிரைவர் தனியாக வந்திருந்தான். அலுமாரி பலா மரத்தில் செய்தது, புத்தகங்களோடு பூட்டிக் கிடந்தது. சேர் வாசலுக்குப் போய், விறாந்தையில் நின்றவர்களைப் பார்த்துக் கைகாட்டினார். "கொஞ்சம் உள்ளே வாருங்கள், இதைத் தூக்க வேண்டும்" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நான்கு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் இந்திராணி. பால் வெட்டுகிறவள், விரலெல்லாம் கறை. ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்கினார்கள். வாசற்படிக்குக் கிட்ட வந்ததும் இந்திராணி நின்றாள். மற்றவர்களும் அலுமாரியைக் கீழே வைத்தார்கள்.

"இத எங்கங்க மிஸ் கொண்டு போறீங்க?"

"ஸ்டோருக்கு. எடுக்க ஒருத்தரும் வரல்லியே" என்றேன் வெடுக்கென்று.

"நாங்க வந்தோமேங்க. வாரா வாரம் வந்து நிக்கிறோமே. நீங்கதான் கூப்புடல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் பிடித்திருந்த வேலுசாமி என்ற நரைத்த மனிதர் சொன்னார்:

"தோட்டத்து ஆபிஸ்ல அப்படித்தானுங்களே. கிளாக்கர் ஐயா பேர் சொல்லிக் கூப்புடணும். அதுக்கு முன்னாடி படி ஏறுனா ஏசுவாங்க."

கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று அவர்கள் வெளியே நின்றிருக்கிறார்கள். வருகிறவர்கள் வரட்டும் என்று நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

"புத்தகம் பிள்ளைகளுக்கா?" என்று இந்திராணியிடம் கேட்டேன்.

"இல்லீங்க, எனக்குத்தான். கடையில சாமான் சுத்தித் தர்ற பேப்பரத்தான் வாசிக்கிறேன். அதுல பாதிக் கதைதான் இருக்கு. மீதி வேற யார் வீட்டுக்குப் போச்சோ."

என்ன நடக்கிறது என்பது போல சேர் என்னைப் பார்த்தார். நான் வாயெடுப்பதற்குள் இந்திராணியே அவரிடம் திரும்பினாள். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது. அவள் அழவில்லை, கெஞ்சவுமில்லை.

"சேர், இந்தப் புத்தகங்களுக்காகத்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூப்பிட்டீர்கள். இதை வெளியே தூக்கவா கூப்பிட்டீர்கள்?"

சேரின் முகம் செத்துப்போனது. வெளியே டிரைவர் ஹோன் அடித்தான். சேர் அந்த வாசற்படியைப் பார்த்தார். பிறகு அலுமாரிச் சாவியை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வான் வெறுமையாகத் திரும்பிப் போனது.

அலுமாரி வாசலைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. அதை உள்ளே கொண்டுவரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன முகத்தோடு சொல்வது? இந்திராணி குனிந்து ஒரு மூலையைப் பிடித்தாள். மற்ற மூன்று பேரும் பிடித்தார்கள்.

இந்தத் தடவை அவர்களை ஒருவரும் கூப்பிடவில்லை.