கியூரியஸ் என்றால் விடுப்பு

நிவேதிகாவுக்குப் பரீட்சையில் நூற்றி இருபத்தெட்டு வந்தது. நூற்றி முப்பது வந்திருந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகளின் சிறப்பு வகுப்புக்குள் நேரே போயிருக்கலாம். நூற்றி இருபதுக்குக் கீழே வந்திருந்தால் டூங்கபித் தமிழர்களில் நாலு பேர் பாவப்பட்டுவிட்டு மறந்திருப்பார்கள். நடுவில் நின்றதுதான் வில்லங்கம். பள்ளிக்கூடம் அதற்கு 'போர்டர்லைன்' என்று பெயர் வைத்திருந்தது. மன்னாரில் இருந்து படகில் வந்த அம்மா வசந்தினிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எல்லையில் நிற்பவர்களை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

அப்படியே கூப்பிட்டார்கள். தாய் தகப்பனும் மகளும் வந்து கொஞ்சம் கதைத்துவிட்டுப் போகட்டும், அதன் பிறகு முடிவு சொல்கிறோம் என்றார்கள்.

வசந்தினி மகளைச் சிவபாலன் சேரிடம் கொண்டுபோய் விட்டாள். சேர் தன் வீட்டுக் கராஜில் கெட்டித்தனம் சொல்லிக்கொடுப்பவர். காரை வெளியே வெயிலில் விட்டுவிட்டு உள்ளே பதினைந்து கதிரை போட்டிருந்தார். பரீட்சைக்குத் தனி வகுப்பு, நேர்முகத்துக்குத் தனி வகுப்பு. நேர்முகத்தில் அவர்கள் தேடுவது ஒன்றே ஒன்றைத்தான் என்று சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அறிவார்வம்."

சேர் தூய தமிழ்க்காரர். இலக்கம் தவிர மற்ற எதையும் ஆங்கிலத்தில் சொல்லமாட்டார். அறிவார்வம் பிள்ளைக்குத் தானாக வராது, பழக்க வேண்டும் என்றார். பழக்குவதற்கு மூன்று கேள்விகள் வைத்திருந்தார். வானம் ஏன் நீலம்? பூச்சியத்துக்கு முன்னால் என்ன இருந்தது? இயந்திரத்துக்குக் கனவு வருமா? கேட்கும்போது தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்க வேண்டும். நிவேதிகா பாடமாக்கினாள். தலை ஏன் இடப்பக்கம் சாய வேண்டும் என்று அவள் கேட்டபோது, பாடத்தில் இல்லாததைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சேர் சொல்லிவிட்டார்.

உண்மையில் இந்த இடம் வசந்தினியைவிட நிவேதிகாவுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. இப்போது படிக்கிற வகுப்பில் ஒரு சுவர் இருந்தது. பிள்ளைகள் ஏதாவது கேட்டால் 'அருமையான கேள்வி' என்று பாராட்டி, மஞ்சள் துண்டில் எழுதி அந்தச் சுவரில் ஒட்டுவார்கள். அதோடு சரி. பசை காய்ந்தால் கேள்வி விழும், பின்னேரம் கூட்டி அள்ளுவார்கள். சிறப்பு வகுப்பில் அப்படி இல்லையாம், கேட்டவர் பதில் கிடைக்கும்வரை விடத்தேவையில்லையாம் என்று அங்கே போன ஒரு பிள்ளை சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து நிவேதிகாவுக்கு வேறு நினைப்பில்லை.

நேர்முகத்துக்கு அப்பா கேதீஸ்வரனும் வருவதாகத்தான் இருந்தது. வெயார்ஹவுசில் லீவு கிடைக்கவில்லை. இந்தியத் தமிழர்கள் லீவை 'விடுப்பு' என்று எழுதுவார்கள். எங்கள் ஊரில் விடுப்பு என்பது வேறு சாமான். அடுத்த வீட்டில் என்ன சண்டை, ஆருடைய கலியாணம் ஏன் குழம்பியது என்று மூக்கை நுழைத்துக் கேட்பதற்குப் பெயர்தான் விடுப்பு. கேதீஸ்வரனுக்குக் கிடைக்காத விடுப்பு ஒரு வகை. அவர் மகளுக்கு நிறையவே வாய்த்திருந்தது மற்ற வகை. பிறந்தநாள் விழா ஒன்றில் அவள் ஒரு அன்ரியிடம் போய், அங்கிள் ஏன் இப்போது வேறு வீட்டில் இருக்கிறார் என்று கேட்டு, கேக் வெட்டுவதற்குள் தாய் தகப்பனை வீடு திரும்ப வைத்தவள். அதற்குப் பிறகு வசந்தினி அவளை இறுக்கி வளர்த்தாள்.

சிறப்பு வகுப்புக்குப் பொறுப்பானவர் மிஸ் ஹெலன். அவருடைய அறையில் மூளையின் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. எல்லாரும் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். பிள்ளை என்ன வாசிக்கிறாள், எப்படி விளையாடுகிறாள் என்று கேட்டபின், மிஸ் ஹெலன் சற்று முன்னால் சாய்ந்து, உங்கள் மகள் கியூரியசா என்று தாயிடம் கேட்டார்.

வசந்தினிக்கு அந்தச் சொல் தெரியும். வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் படித்தது. ஒரு கிழவியிடம், உங்கள் மகன் ஏன் வாறதில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். இவ்வளவு கியூரியசாக இருக்காதே கண்ணே என்று கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கியூரியஸ் என்றால் விடுப்பு. அன்றே மனதில் பதிந்துவிட்டது.

"இல்லை மிஸ்," என்றாள் வசந்தினி நிமிர்ந்து. "துப்பரவா இல்லை. முந்தி கொஞ்சம் இருந்தது. நாங்கள் பேசிப் பேசி நிப்பாட்டிப் போட்டம்."

மிஸ் ஹெலன் பேனாவை மூடி வைத்தார். பத்து வயது நிவேதிகாவுக்கு அந்தச் சொல்லின் மற்றப் பக்கம்தான் சேரின் அறிவார்வம் என்பதும் தெரியும். அம்மா என்ன செய்துவிட்டாள் என்று விளங்கியது. ஆனால் பிறத்தியாருக்கு முன்னால் அம்மாவின் கதையை மறுத்துப் பேசக்கூடாது என்பதும் வீட்டுச் சட்டம்.

என்னிடம் ஏதாவது கேட்க விரும்புகிறாயா என்று மிஸ் ஹெலன் அவளைப் பார்த்தார். வழியனுப்புகிற குரல்.

நிவேதிகா வானம் ஏன் நீலம் என்று தொடங்கினாள். இன்று இந்தக் கேள்வியைக் கேட்கும் நாலாவது பிள்ளை நீ என்றார் மிஸ் ஹெலன், சிரிக்காமல். மற்ற மூன்று பேரும் தலையைச் சாய்த்தார்களாம்.

நிவேதிகா மற்ற இரண்டு கேள்விகளையும் கைவிட்டாள். மேசையைப் பார்த்தாள். மிஸ் ஹெலனின் கையைப் பார்த்தாள். பிறகு பாடமாக்காத ஒன்றைக் கேட்டாள்.

"மிஸ், உங்கட கலியாண மோதிரம் எங்க? கோடு மட்டும் வெள்ளையா கிடக்குது."

 வசந்தினி மேசைக்குக் கீழே மகளின் தொடையில் ஒரு கிள்ளுப் போட்டாள். மிஸ் ஹெலன், விரல் வீங்கியிருந்தது, கழற்றிவிட்டேன் என்றார்.

"அப்ப மற்ற விரலெல்லாம் ஏன் வீங்கேல்லை? அதுகளில ரெண்டு மோதிரம் போட்டபடிதானே இருக்குது."

மிஸ் ஹெலன் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்தார். இந்தப் பாடசாலையில் மனித நடத்தையைப் பற்றிப் பட்டம் பெற்றவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். எல்லாரோடும் தினமும் தேநீர் குடிக்கிறார்.

"போன மாதம் கழட்டினது," என்றார் மெதுவாக. "இங்க ஒருவரும் கவனிக்கேல்லை."

"கவனிச்சிருப்பினம் மிஸ். கேட்கப் பயந்திருப்பினம்," என்றாள் நிவேதிகா. இது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. அவளுக்கு அதுதான் சரியான விளக்கமாகப் பட்டது.

 மிஸ் ஹெலன் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். தை மாதம் வகுப்பு தொடங்கும், நிவேதிகாவுக்கு இடம் இருக்கிறது என்றார். அவளுடைய மூளைக்காகக் கொடுத்தாரா, அவள் இந்தச் சங்கதியை மற்ற வகுப்புகளில் போய் விசாரிக்காமல் இருப்பதற்காகக் கொடுத்தாரா என்று சொல்லவில்லை. சிறப்பு வகுப்பின் விதிமுறைகளில் இரண்டுக்கும் இடம் இருக்கக்கூடும்.

கார் நிறுத்துமிடம்வரை வசந்தினி வாய் ஓயாமல் பேசினாள். மானம் போச்சு, இப்படியா ஒரு மனுசியிட்டக் கேட்கிறது, இடம் கிடைத்ததால் தப்பினாய் என்றாள். நிவேதிகா தொடையைத் தடவியபடி பின்னால் நடந்தாள். கார்க் கதவைத் திறந்து, உள்ளே ஏறி இருந்து, பெல்ட்டை மாட்டி, சாவியைத் திருப்பிய பிறகு வசந்தினியின் கை நின்றது. பள்ளிக்கூடத்து வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் பிள்ளை," என்றாள் குரலைத் தாழ்த்தி. "அவ புருசனை விட்டிட்டாவாமோ, இல்லாட்டி அவன்தான் விட்டிட்டுப் போனானோ?"

"I don't know, அம்மா," என்றாள் நிவேதிகா. "தையில கேட்டுச் சொல்லுறன்."