வெர்ன் மாட்டிய கொக்கி

ரொட்டியின் கருகிய ஓரத்தைப் பிய்த்து வெர்ன் நாய்க்குப் போட்டார். போடாதே என்று கல்யாணமான நாளிலிருந்து ஆர்டிஸ் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாய்கள்தான் மாறினவே தவிர அந்தப் பழக்கம் மாறவில்லை. இப்போதிருந்த நாயின் பெயர் நிக்கல், சாம்பல் நிறம். கதவு திறந்தால் அம்பாகப் பாயும்.

மார்ச் மாதக் கடைசி. குளிர்காலத்தில் ஏரிப் பனிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடில்களை எல்லாரும் கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். உறைந்திருந்த ஏரி ஆங்காங்கே இளகிக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

“நாயை வார்ல கட்டிக் கூட்டிட்டுப் போ, வெர்ன். அவிழ்த்து விடாதே.”

“குளிர்காலம் பூரா கட்டியே வச்சிருந்தோம். அதுக்கும் நாலு கால் இருக்குல்ல?”

“உனக்கும்தான் ரெண்டு இருக்கு. வீட்ல கொஞ்சம் மடக்கி உக்காரலாமே.”

அவர் சிரித்தார். அவளைச் சமாதானப்படுத்த, ஆணியிலிருந்து வாரை எடுத்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டார். நாய் கட்டில்லாமல் முன்னால் ஓடியது.

அவள் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் நிக்கல் வாசற்படிக்கு வந்துவிட்டது. உடம்பெல்லாம் ஈரம். கழுத்துப்பட்டையில் வார் மாட்டியிருந்தது. அதன் முனை தரையில் இழுபட்டது. பரவாயில்லையே, கடைசியில் என் பேச்சைக் கேட்டிருக்கிறாரே என்றுதான் ஆர்டிஸுக்கு முதலில் தோன்றியது. அந்த ஒரு கணம் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். வாரின் மறுமுனையில் ஆள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நடந்ததைத் தீயணைப்புக் குழுவின் கோர்டி வந்து சொன்னான். வாத்துகளைத் துரத்திப் போன நாய், பனி உடைந்து தண்ணீரில் விழுந்திருக்கிறது. வெர்ன் வயிற்றால் ஊர்ந்து போய், வாரின் கொக்கியைப் பட்டையில் மாட்டி அதை மேலே இழுத்துவிட்டிருக்கிறார். நாய் ஏறிவிட்டது. அவருக்கடியில் பனி உடைந்துவிட்டது. அவர் ஏறவில்லை. பனியில் இருந்த தடங்கள் அப்படித்தான் சொல்லின.

“நாய் விழுந்தா பின்னாடி போகாதீங்க, அது தானா ஏறிடும்னு எங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.” கோர்டி தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றான்.

“அதெல்லாம் அடுத்தவங்க நாய்க்கு,” என்றாள் ஆர்டிஸ்.

அன்று இரவு ஈர வாரைக் கழற்றப் போனவள், கொக்கியில் விரல் பட்டதும் நிறுத்திக்கொண்டாள். பட்டையின் பக்கிளை அவிழ்த்து, பட்டையும் வாருமாகச் சேர்த்து எடுத்து ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலையில் அப்படியே நாயின் கழுத்தில் திரும்பப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். வெளியே போனால் நாயை அவள் அவிழ்த்து விடுவதே இல்லை.

டுலூத்திலிருந்து மகள் ரெனே தொலைபேசியில் அழைத்து, அந்த நாயைப் பார்க்கும்போது உனக்கு ஆத்திரம் வரவில்லையா என்று கேட்டாள். சில நாள் வரத்தான் செய்தது. அந்த நாட்களில் ரொட்டி ஓரம் ஒன்று கூடுதலாகப் போட்டாள்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் கோர்டி வழியில் நிறுத்தினான்.

“விட்டுடுங்க ஆர்டிஸ், கொஞ்சம் ஓடட்டும். உங்க வேகத்துக்கு நடந்து நடந்து அது கிழடாயிடுச்சு.”

“என்னைத்தானே கிழடுங்கற?”

“ஐயையோ, நாயைத்தான் சொன்னேன்.” சொல்லிக்கொண்டே குனிந்து கொக்கியைத் தொட்டான். அவள் அவன் கையில் பட்டென்று அடித்தாள்.

“அதைத் தொடாதே. வெர்ன் மாட்டினது அது.”

கோர்டி கையை எடுத்துக்கொண்டான்.

அடுத்த காலை அவள் ஏரிக்கு எதிர்த்திசையில், வைக்கோல் அறுத்த வயலுக்கு நாயைக் கூட்டிப் போனாள். வயலோரம் வந்ததும் நிக்கல் உட்கார்ந்து கழுத்தை உயர்த்தியது. அவிழ்ப்பதற்கு முன் அப்படி உட்கார வேண்டும் என்று வெர்ன் பழக்கியிருந்தார். தினமும்தான் உட்கார்ந்தது, தினமும் அவள் இழுத்துக்கொண்டு போனாள்.

நாய் ஓடிப்போய்த் திரும்பாவிட்டால் வீட்டில் மூச்சுவிடும் சத்தம் தன்னுடையது மட்டும்தான். அந்தக் கொக்கியைத் திறந்தாலோ, வெர்னின் கை கடைசியாகச் செய்த வேலை கலைந்துபோகும். நாய் கழுத்தை இறக்காமல் காத்திருந்தது.

ஆர்டிஸ் கையுறையைக் கழற்றினாள். ரோமத்துக்குள் தடவிப் பக்கிளைக் கண்டுபிடித்து அவிழ்த்தாள். வெறுங்கழுத்தோடு நாய் அவளையே பார்த்தது.

“போடா,” என்றாள்.

அது போயிற்று. வயலின் கோடிவரை ஓடிச் சாம்பல் புள்ளியாகிவிட்டது. அவள் கூப்பிடவில்லை. கையிலிருந்த பட்டையில் இன்னும் சூடு இருந்தது. அதிலிருந்து வார் தொங்கியது. கொக்கி மூடியபடியே இருந்தது.