துக்கக் கிண்ணம்

எங்கள் சங்கத்துப் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம் இருக்கும். அதில் ஒன்று என்னிடம். என்னைத் தேர்ந்தெடுத்தபோது தலைவி எஸ்னாத் அக்கா எல்லார் முன்னாலும் காரணம் சொன்னாள். "ஃபலேசி வீட்ல புருஷன் இல்ல, புள்ள இல்ல. சாவியத் திருடக்கூட ஆளில்ல." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

சனிக்கிழமைதோறும் தேவாலயத்துக்குப் பின்னால் கூடுவோம். பெட்டிக்குள் சேமிப்புப் பை ஒன்று, நீலக் கிண்ணம் ஒன்று. பையிலிருந்து கடன் வாங்கலாம், வட்டியோடு திருப்ப வேண்டும். அந்தப் பை வந்த பிறகுதான், பட்டினி மாதங்களில் வயலில் நிற்கும் பச்சைச் சோளத்தை வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு அழுவது நின்றது. பக்கத்து வீட்டு எனிஃபாவின் மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். சங்கத்தைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

கிண்ணம் வேறு. வாராவாரம் அதில் போடுகிற நூறு குவாச்சா காசு திரும்பி வராது. வீட்டில் சாவு விழுந்தால்தான் கிண்ணம் நம் பக்கம் வரும். பணத்தோடு ஆட்களும் வருவார்கள். சங்கப் பெண்கள் சோளமாவும் விறகும் தூக்கிக்கொண்டு வந்து மூன்று நாள் துக்க வீட்டிலேயே தங்குவார்கள். ஆறு வருஷத்தில் நான் தங்காத வீடு இல்லை. எனக்குத்தான் சாவதற்கு ஆளில்லை. அம்மாவும் அப்பாவும் சங்கம் தொடங்குமுன்பே போய்விட்டார்கள். புருஷன் வைசனோ ஜோனியில்.

ஜோகன்னஸ்பர்க்கைத்தான் மலாவியில் ஜோனி என்போம். அங்கே போய்ப் பணம் அனுப்புகிறவன் உண்டு, சவப்பெட்டியில் திரும்புகிறவன் உண்டு. இரண்டும் செய்யாதவனுக்கு எங்கள் பேச்சில் மச்சோனா என்று பெயர். இருக்கிறான் என்றும் சொல்ல முடியாது, செத்தான் என்றும் சொல்ல முடியாது. வைசன் ஒன்பது வருஷ மச்சோனா. அவன் பெண்டாட்டிக்குத்தான் யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை.

ஜனவரி மழையில் என் கூரை பாதி உள்ளே விழுந்தது. உரத்துக்கு வாங்கின கடன் அடையாமல் இன்னொரு கடன் கிடையாது. அந்த விதியை வைத்தவர்களில் நானும் ஒருத்தி, யாரை நோவது? நனைந்த பாயைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். எஸ்னாத் அக்கா பெட்டியைத் திறக்கச் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபலேசி, ஒன்பது வருஷம் ஆச்சு. செத்துட்டான்னு சொல்லேன்டி."

"என்னக்கா பேச்சு இது?"

"உன் வாயால ஒரு வார்த்த. கிண்ணத்த உன் பக்கம் தள்ளிருவோம். தகரம் போட்டுக்க."

எனிஃபா குறுக்கே விழுந்தாள். "இருந்து என்னத்தக் கிழிச்சான்? செத்தாவது ஒரு கூரை போட்டுக் குடுக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சொல்லிவிட்டால் அவன் திரும்பி வரும் வழியை நானே முள் வெட்டிப் போட்டு அடைத்ததாக ஆகிவிடும். இரண்டு வாரம் ஈரத்தரையில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு யோசித்தேன். மூன்றாம் சனிக்கிழமை எழுந்து நின்றேன்.

"என் வீட்டுக்காரர் செத்துட்டாரு."

தகரத்துக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன் என்றுதான் சங்கம் நினைக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும். மூன்று நாள் என் வீட்டில் ஆள் இருக்குமே, அதற்காகச் சொன்னேன்.

இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். கால் நீட்ட இடமில்லை. எனிஃபா விட்ட குறட்டைக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். கீரையில் உப்பில்லை என்று ஒருத்தி என்னையே திட்டினாள். பிணமில்லாத சாவுக்கு அவரவர் தங்கள் வீட்டுச் சாவை நினைத்து அழுதார்கள். நான் நடுவில் உட்கார்ந்து சந்தோஷமாக இருந்தேன். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. நாலாம் நாள் காலையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மிச்ச மாவை ஒரு வாரம் தனியாகக் களி கிளறித் தின்றேன்.

தகரம் ஏறின மறுமாதம், ஒரு மத்தியானம், வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒன்பது வருஷமாக எண்ணை மாற்றாமல், கடையில் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த போன்.

"ஃபலேசியா?"

குரல் தடித்திருந்தது. ஆனாலும் தெரிந்தது.

"நம்ம ஊர் லாரி டிரைவர் ஒருத்தன் என்னப் பாத்துட்டுப் பேயக் கண்டவனாட்டம் ஓடுறான். புடிச்சுக் கேட்டா, எனக்குத் துக்கமே முடிஞ்சிருச்சாம்!" சிரித்தான்.

"அவங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் வைசன் இல்ல, அவன் தம்பின்னுட்டேன். நம்பிட்டுப் போயிட்டான்."

என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். உயிரோடிருக்கிறவனை எப்படிடி சாகடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தகரத்தைக் கழற்றி விற்றாவது கிண்ணத்துப் பணத்தைத் திருப்பிப் போட்டிருப்பேன்.

"நல்ல காரியந்தான் பண்ணியிருக்க," என்றான். "இங்க எனக்கு ரெண்டு புள்ளைங்க. அவங்கம்மா வேற. அப்படியே இருக்கட்டும், என்ன? மாத்திச் சொல்லிராத."

காசு தீர்ந்ததோ, அவனே வைத்துவிட்டானோ, பேச்சு அறுந்துபோயிற்று.

நான் அழுதது ஊருக்கே கேட்டிருக்கும். எனிஃபா மாவுக் கையோடு ஓடி வந்து என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த மூணு நாளும் கல்லாட்டம் உக்காந்திருந்தியேடி. இப்பத்தான் உறைக்குதா?"

"ஆமா."

"நெசமாவே செத்துட்டாருன்னு இப்பத்தான் மனசு ஒத்துக்குதாக்கும்."

"செத்துட்டான்," என்றேன். அடுப்பில் களி அடிப்பிடிக்கும் என்று அவள் எழுந்து போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.