வேதகிரி வீட்டு நாலாவது தட்டு

குறையுள்ளவர்கள் பிள்ளை பெறக் கூடாது, அரசாங்கமே அவர்களைப் பிடித்து ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று புத்தகம் புத்தகமாக எழுதியவர் வேதகிரி. வில்லியனூரில் அவருக்கு மாலை போட்டவர்களும் உண்டு, சாணி அடித்தவர்களும் உண்டு. எழுபத்து நாலாம் வருஷம் அந்த மனுஷன் தன் மகனுக்குப் பெண் கேட்டு, பாகூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் மகள் குணவதியை நடக்கச் சொன்னார். எட்டத்தில் தொங்கிய காலண்டரைப் படிக்கச் சொன்னார். பல்லைக் காட்டச் சொன்னார். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லோடு விட்டுவிடுவார்கள். இவர் மூன்று தலைமுறையில் ஊமை, நொண்டி உண்டா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பெண்ணைப் பெற்றவன், பொறுத்துக்கொண்டேன்.

மறு வாரம் நானும் என் மனைவி அஞ்சலாட்சியும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம்.

"வூட்ல நாங்க மூணு பேருதான்," என்றார் வேதகிரி.

கால் கழுவப் போன அஞ்சலாட்சி என் காதோரம் வந்து சொன்னாள்: "கெணத்தாண்ட சாப்ட்ட தட்டு நாலு கெடக்குது."

பின்கட்டில் ஓர் அறை வெளியே பூட்டியிருந்தது.

"உள்ள இன்னா?" என்று கேட்டேன்.

"பழைய புஸ்தகம்."

அஞ்சலாட்சி கதவை இரண்டு முறை தட்டினாள். உள்ளேயிருந்து யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

வேதகிரிக்கு முகம் செத்துவிட்டது. "மூத்த புள்ள. பேச்சு வராது. அதுக்காக சம்பந்தத்த வேணாம்னுடாதீங்க."

"புள்ளைக்காக இல்லீங்க," என்றாள் அஞ்சலாட்சி. "நாளைக்கி எம் பொண்ணுக்கு ஒண்ணு அப்பிடிப் பொறந்தா, இந்தச் சாவி உங்ககிட்டதான இருக்கும்?"